களைகள் கற்றுக்கொள்கின்றனவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

செடிகளின் ஸ்டீராய்டு ஹார்மோன் பற்றி எழுதிக்கொண்டே வந்து, திடீரென்று களைக்கொல்லிக்குத் தாவிவிட்டீர்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு? மருந்தைத் தாங்கக் களைகள் கற்றுக்கொள்கின்றன என்கிறார்களே, எப்படி? மருந்தை முறிக்கும் அந்த நொதியை அடைத்துவிட்டால் தீர்ந்ததல்லவா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாவியது உண்மைதான். நடுவே ஒரு பத்தியை நானே வெட்டிவிட்டேன், வெட்டியிருக்கக் கூடாது.

தொடர்பு, பி450 என்ற நொதிக் குடும்பம். கார்பன் மோனாக்சைடு ஒட்டினால் 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், அதனால் அந்தப் பெயர். (பெயர் வைத்தவருக்கு அன்று அவசரம் போலிருக்கிறது.) மனிதனிடம் இதற்கு 57 மரபணுக்கள். அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடியிடம் 240க்கு மேல். ஓடித் தப்ப முடியாத உயிர், வேதிப்பொருள்களைக் கொண்டுதானே சமாளிக்க வேண்டும்!

1979இல் 200 கிலோவுக்கும் அதிகமான மகரந்தத்தை அலசி, 4 மில்லிகிராம் பிராசினோலைடைப் பிரித்தெடுத்தார்கள். செடியின் ஸ்டீராய்டு ஹார்மோன் அது. அதைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று பி450 என்று 1996இல் தெரிந்தது. அந்த நொதி பழுதான செடி குள்ளமாகவே நின்றுவிடும். பி450 செய்வது பெரும்பாலும் ஒரே வேலை: மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுவது. ஹார்மோன் தயாரிப்பில் அது ஒரு படி. களைக்கொல்லியில் செருகினால் நஞ்சு முறியத் தொடங்குகிறது. சில மருந்துகளில் களை சாக, கோதுமை பிழைப்பதும் இதனால்தான்.

களைகள் எதையும் கற்பதில்லை. லட்சம் செடிகளில் ஏதோ ஒன்றில் மருந்தை முறிக்கும் பி450 ஏற்கெனவே கூடுதலாகச் சுரந்துகொண்டிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மருந்து தாக்கும் புரதத்தில் வரும் திடீர்மாற்றத்தையே ஆய்வாளர்கள் தேடினார்கள். அதற்கு மருந்தை மாற்றினால் போதும். இப்போது கவனம் நொதிகள் பக்கம் திரும்பியதற்குக் காரணம் உண்டு. ரைகிராஸ் களையின் ஒரே ஒரு பி450, குறைந்தது ஐந்து வெவ்வேறு வகை மருந்துகளுக்கு எதிர்ப்புத் தருவதாக 2021இல் காட்டினார்கள். அந்தக் களை இதுவரை கண்டிராத மருந்தும் அதனிடம் தோற்கலாம். எனக்கு இதுதான் பயம்.

அடைப்பது பற்றி: மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லி பல பி450களை முடக்கும். அதை முதலில் தெளித்தபின் களைக்கொல்லிக்குக் களை செத்தால், நொதிமேல் சந்தேகம் வலுக்கும். ஆய்வகத்தில் நல்ல சோதனை. வயலில் செய்தால் பயிரும் கூடவே வாடும். அதுவும் அதே குடும்பத்து நொதிகளை நம்பித்தான் மருந்தைத் தாங்குகிறது. களையின் அந்த ஒரு நொதியை மட்டும் அடைக்கும் பொருள் வேண்டும். உறவுக்கார நொதிகள் இத்தனை இருக்கையில், அது லேசில்லை.