இலவச மென்பொருளுக்கும் பில் கேளுங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை காசு கொடுக்காமல் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றியவை. கத்திரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பார்ப்பவர்கள்கூட, இலவசம் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். விலை இல்லையே தவிர, இதுவும் ஒரு பொருளை வாங்குவதுதான்.

கேள்வி: மகளுக்காகப் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினேன். "ஆபீஸ் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் தனியாக 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் லிப்ரே ஆபீஸ். அது இலவசம் என்று மகள் சொல்கிறாள். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகர், திண்டுக்கல்

முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். வழக்கு அதில்தான் இருக்கிறது.

கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம் என்று அதன் உரிமமே அனுமதிக்கிறது. லிப்ரே ஆபீஸை வளர்த்துவரும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனே மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் ஆப்பிளின் கடையிலும் அதற்கு ஒரு சிறு விலை வைத்திருக்கிறது. அதன் சொந்தத் தளத்தில் எடுத்தால் ஒரு பைசா இல்லை. இரண்டும் ஒரே மென்பொருள்தான்.

ஆகவே பில்லில் "மென்பொருள் நிறுவும் கூலி" என்று இருந்தால், நீங்கள் ஏமாற்றப்படவில்லை. பேரம் பேசத் தவறிவிட்டீர்கள். அரை மணி நேர வேலைக்கு 1,800 ரூபாய் அதிகம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அபிப்பிராயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பில்லை. பில்லில் "எம்எஸ் ஆபீஸ்" என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லே தரவில்லை என்றால் அதுவும் அதே சட்டத்தில் அதே குற்றச்சாட்டின் கீழ்தான் வரும்.

முதலில் கடையில் நேரில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணம் கிடையாது; இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஒன்று மட்டும் ஆறுதல். அதே 1,800 ரூபாயை வாங்கிக்கொண்டு, பூட்டு உடைத்த திருட்டு ஆபீஸை ஏற்றித் தந்திருந்தால் உங்கள் மகளின் கணினி இந்நேரம் யாருடையதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: எந்த மென்பொருளைத் தேடினாலும் பத்துத் தளங்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் பச்சை நிறப் பதிவிறக்கப் பொத்தான். எது அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர வரிகளைத் தாண்டிவிடுங்கள். அது ஒன்றைச் செய்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

2022 அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். கிம்ப் என்ற படத் திருத்தியைக் கூகுளில் தேடியவர்களுக்கு முதல் வரியாக ஒரு விளம்பரம் வந்தது. அதில் காட்டப்பட்ட முகவரி அசல் முகவரியேதான். அழுத்தினால் போய்ச் சேர்ந்த இடம் வேறு; பெயரில் ஓர் எழுத்துக்கூட்டு மாறிய, அச்சு அசலான போலித் தளம். அங்கே கிடைத்த கோப்பு கடவுச்சொற்களைத் திருடும் தீநிரல். உண்மையில் அது ஐந்து எம்பிதான். கனமான மென்பொருள் போலத் தோன்றுவதற்காக வெற்றுத் தரவைத் திணித்து 700 எம்பியாக ஊத வைத்திருந்தார்கள். பாலில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத் தோன்றுகிற யோசனைதான்.

அடுத்த ஆண்டு அதே அக்டோபரில் கீபாஸ். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம் அது. அதன் பெயரில் உள்ள முதல் ஆங்கில எழுத்துக்குப் பதிலாக, அடியில் ஒரு சிறு வால் உள்ள வேறு மொழி எழுத்தைப் போட்டு முகவரி பதிவு செய்திருந்தார்கள். திரையில் பார்த்தால் அந்த வால் ஒரு தூசியைப் போலத்தான் தெரியும். விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு மேலே போய்விடுவோம்.

நீங்கள் சொல்லும் பச்சைப் பொத்தான் நோயும் பழையது. சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற புகழ்பெற்ற பதிவிறக்கத் தளமே 2015-இல் கிம்பின் விண்டோஸ் நிறுவியைத் தன் உறைக்குள் வைத்து, விளம்பர மென்பொருள்களை ஒட்டிக் கொடுத்து மாட்டிக்கொண்டது. 2016-இல் கைமாறிய பிறகு புதிய உரிமையாளர்கள் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். இன்றும் மூன்றாம் நபர் தளங்கள் பல அப்படித்தான் பிழைக்கின்றன: "அடுத்து, அடுத்து" என்று அழுத்திக்கொண்டே போகும் நம் பழக்கத்தை நம்பி, இரண்டாவது திரையில் முன்கூட்டியே டிக் செய்த ஒரு கட்டம்.

சரியான முகவரியை ஒருமுறை கண்டுபிடித்ததும் உலாவியில் குறித்து வையுங்கள், மறுமுறை தேடாதீர்கள். இறக்கிய கோப்பின் மேல் வலச் சொடுக்கு செய்து, பண்புகளில் எண்ணியல் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸ் கோப்பில் அது இருக்கும். இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கோப்புகளைச் சுருக்கிப் பொதியாக்கும் செவன்-ஜிப் போன்ற தனி ஆள் படைப்புகள் கையொப்பம் இல்லாமலேயே வந்து பழகிவிட்டன. இன்னும் உறுதி வேண்டும் என்றால், பல தளங்கள் கோப்புக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரத்தைப் போட்டிருக்கும். கோப்பின் கைரேகை அது. செவன்-ஜிப்பை நிறுவியிருந்தால், வலச் சொடுக்குப் பட்டியலிலேயே எஸ்எச்ஏ-256 என்ற அந்தக் கைரேகையைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. இரண்டு சரமும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் மாறவில்லை என்று பொருள். வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள். 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றியின் ஒரு பதிவிறக்கச் சேவையகத்தில் நான்கைந்து நாட்கள் மேக் கணினிகளுக்கான விஷக் கோப்பு உட்கார்ந்திருந்தது. முகவரி சரி, தளம் சரி, கைரேகை மட்டும்தான் வேறு.

கேள்வி: வின்ரார் "40 நாள் முடிந்துவிட்டது" என்று தினமும் நினைவூட்டுகிறது. செவன்-ஜிப்புக்கு மாறலாமா? – கல்லூரி மாணவர், நெல்லை

மாறுங்கள். வின்ராரின் ரார் கோப்பை அதுவும் திறக்கும். புதிதாக ரார் கோப்பு உருவாக்க மட்டும் முடியாது. உங்களுக்கு அது தேவைப்படாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. செவன்-ஜிப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவும் செய்யாது. அதை உருவாக்கிய இகோர் பாவ்லோவ் 1999 முதல் அமைதியாக வெளியிட்டுவருகிறார், நாமும் அமைதியாக மறந்துவிடுகிறோம். இந்தப் பதிலை எழுதுவதற்கு முன் என் மேசைக் கணினியில் உதவிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். "19.00" என்று இருந்தது, பக்கத்தில் 2019 பிப்ரவரி 21 என்று தேதி. ஊருக்கு உபதேசம்!

அதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். இணையத்திலிருந்து இறங்கும் கோப்புக்கு விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு ஒட்டுகிறது. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் "இது வெளியிலிருந்து வந்தது, திறக்கலாமா?" என்று நம்மிடம் கேட்கிறது. பொதிக்குள் இன்னொரு பொதியை வைத்து அனுப்பினால், உள்ளே இருக்கும் கோப்புக்கு அந்தச் சீட்டு போய்ச் சேரவில்லை. இந்த ஓட்டையைத் தாக்குதல்காரர்கள் உண்மையாகவே பயன்படுத்தினார்கள். 2024 நவம்பரில் வந்த 24.09 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. எனவே அதற்குக் கீழே எந்த எண் இருந்தாலும் இன்றே மாற்றுங்கள். மாற்றிய பிறகு, கருவிகள் பட்டியலில் உள்ள விருப்பங்களுக்குப் போய், அந்தச் சீட்டைக் கடத்தும் அமைப்பை "ஆம்" என்று வையுங்கள். சோன் ஐடி என்று குறிப்பிட்டிருக்கும்.

கேள்வி: புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்றுவது நல்லதா, பொறுத்து ஏற்றுவது நல்லதா? ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் வேறு சொல்கிறார். – கணக்காளர், சேலம்

இருவரும் சரிதான், வெவ்வேறு எண்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

லிப்ரே ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் அதன் பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். 25.8 என்றால் 2025 ஆகஸ்ட். அதற்குப் பின்னால் மூன்றாவதாக வரும் எண்தான் உங்களுக்கு முக்கியம். அது 0 என்றால் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள். குழாய் ஒழுகுவதெல்லாம் குடிபோன பிறகுதான் தெரியும். 3, 4 என்று ஏறினால் ஒழுகிய குழாய்களை அடைத்துவிட்டார்கள் என்று பொருள். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற உங்களைப் போன்றவர் முதல் நாளே ஏற்றிக்கொண்டு என்ன சாதிக்கப் போகிறீர்கள்? இரண்டு மாதம் பொறுங்கள். ஆனால் வெளியீட்டுக் குறிப்பில் பாதுகாப்புத் திருத்தம் என்று ஒரு வரி இருந்தால், பொறுமைக்கு இடமில்லை.

பொறுமைக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு 2024 மார்ச்சில் நடந்தது. லினக்ஸ் உலகம் முழுவதும் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒருவர் திட்டமிட்டுப் பின்கதவு வைத்துவிட்டார். இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, பராமரிப்பாளர் என்ற நம்பிக்கையைப் பெற்ற பிறகு வைத்தது. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், தம் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவப்போய்க் கண்டுபிடித்தார். அரை விநாடி! நமக்கெல்லாம் கணினி அரை மணி நேரம் சுற்றினாலும் காபி போடத்தான் தோன்றும். நிதானமான வெளியீடுகளைப் பயன்படுத்தியவர்களிடம் அந்தப் பதிப்பு போய்ச் சேரவே இல்லை. சுடச்சுட வேண்டும் என்றவர்கள்தான் மாட்டினார்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு: பழையதிலேயே தங்கிவிடுவதும் ஆபத்துதான். 2025-இன் பிற்பாதியில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற உரைத் திருத்தியின் தளம் இருந்த சேவையகத்தை ஊடுருவி, தேர்ந்தெடுத்த சிலருடைய புதுப்பிப்புக் கோரிக்கைகளை மட்டும் வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். டிசம்பரில் வந்த 8.8.9 முதல், இறங்கிய கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே அது நிறுவுகிறது. உங்களிடம் பழையது இருந்தால் அதன் உள்ளிருக்கும் புதுப்பிப்பியை நம்பாமல், தளத்திலிருந்து நேரடியாக எடுத்து மேலே நிறுவுங்கள்.

கேள்வி: அச்சகம் வைத்திருக்கிறேன். திருமண அழைப்பிதழ் வேலை. கிம்ப் 2.10 கைக்குப் பழகிவிட்டது. கிம்ப் 3-க்கு மாறலாமா? – சிவகாசி

2.10 வந்தது 2018-இல், 3.0 வந்தது 2025 மார்ச்சில். ஏழு ஆண்டு இடைவெளி என்பதால் மாற்றமும் பெரிது. உங்களுக்குப் பெரிய லாபம் ஒன்று உண்டு. முன்பு ஒரு படத்துக்கு மங்கலாக்கும் வடிகட்டியைப் போட்டால் போட்டதுதான். இப்போது அது அடுக்கின் மேல் தனியாக உட்கார்ந்திருக்கும். "கொஞ்சம் குறைச்சலாக வேண்டும்" என்று மணமகனின் தாய்மாமன் மூன்றாம் முறை வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

எதிர்பார்த்து ஏமாறக் கூடாதது, நான்கு வண்ண அச்சு. நேரடியாக சிஎம்ஒய்கே-யில் படத்தைத் திருத்தும் வசதி இதிலும் இல்லை. அச்சு வண்ணத்தை முன்கூட்டித் திரையில் பார்க்கலாம். டிஃப், ஜேபெக் கோப்புகளை சிஎம்ஒய்கே-யாக ஏற்றுமதி செய்யலாம். அவ்வளவுதான்.

பழைய நீட்சிகள் ஓடாது. உங்கள் வேலை ஏதாவது ஒரு நீட்சியை நம்பியிருந்தால், அதற்குப் புதிய வடிவம் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே இறங்குங்கள். 2.10-ஐ அழிக்க வேண்டாம். இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். முகூர்த்த மாதத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

கேள்வி: "விஎல்சி பிரீமியம், ஆயுள் உரிமம் 499 ரூபாய்" என்று முகநூலில் விளம்பரம் பார்த்தேன். – வாசகி, மதுரை

அப்படி ஒன்று கிடையாது. விஎல்சி என்ற வீடியோ இயக்கி 1996-இல் பாரிஸ் மாணவர்கள் தொடங்கிய வேலை. இன்று வரை பிரீமியமும் இல்லை, விளம்பரமும் இல்லை. 2022-இல் அதன் தளம் இந்தியாவில் பல மாதம் தடைபட்டிருந்தது; சட்ட நோட்டீஸுக்குப் பிறகு அந்த ஆண்டு நவம்பரில் திறந்துவிட்டார்கள். ஆகவே அசல் தளம் இங்கே திறக்காது என்று யாராவது சொல்லி வேறு சுட்டியைத் தந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்பு என் விண்டோஸ் 7 கணினியில் ஏற மறுக்கிறது. கணினி நன்றாகத்தான் இருக்கிறது. – ஜெராக்ஸ் கடைக்காரர், பண்ருட்டி

25.8 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் கைவிட்டுவிட்டார்கள். உங்களுக்கு 25.2 வரிசைதான் கடைசி. அதே தளத்தின் பழைய பதிப்புகள் காப்பகத்தில் கிடைக்கும், வேறு எங்கும் தேட வேண்டாம். ஆனால் ஜெராக்ஸ் கடை என்கிறீர்கள். நாள் முழுவதும் ஊரார் பென் டிரைவ் அந்தக் கணினியில் செருகப்படுகிறது. புதிய வன்பொருளுக்குக் காசு இல்லை என்றால் அதே கணினியில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள், நிறுவாமலேயே ஓடும். உங்கள் பிரின்டர் அதில் வேலை செய்கிறதா என்று ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.