பயாப்ஸி எடுத்ததும் சி.டி.யில் ஒன்றுமில்லை, மாலை எக்ஸ்ரேயில் நியூமோதோராக்ஸ்: கவனிக்காமல் விட்டார்களா?

கேட்டிருப்பது: 62 வயது அப்பாவுக்கு பெங்களூருவில் சி.டி. பார்த்து வலது நுரையீரலில் ஊசி பயாப்ஸி (சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுப்பது). எடுத்த கையோடு போட்ட சி.டி. சுத்தம். 4 மணி நேரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் 'சிறிய நியூமோதோராக்ஸ்' (நுரையீரலுக்கு வெளியே, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று சேர்வது). இரவே ஓசூர் திரும்பலாமா? சித்தப்பாவுக்கு அடுத்த வாரம் கல்லீரலில் பயாப்ஸி, அதிலும் இப்படி வருமா?

விட்டிருக்க வாய்ப்பு குறைவு. எக்ஸ்ரேக்குத் தெரியாத துளிக் காற்றைக்கூட சி.டி. காட்டிவிடும். அந்த நிமிஷம் காற்று இல்லை, பிறகு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊசி நுரையீரலின் மேலுறையைத் துளைத்துத்தான் உள்ளே போக முடியும். உருவிய பிறகு ரத்தம் கட்டி அந்தத் துளை மூட வேண்டும். மூடச் சுணங்கினால் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று வெளியே கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் சேரும். அதனால்தான் பல இடங்களில் 1 மணி நேரத்தில் ஒன்று, 3 அல்லது 4 மணி நேரத்தில் ஒன்று என்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள். கோர் ஊசி (சதையைத் துண்டாக வெட்டி எடுக்கும் ஊசி) பயாப்ஸியில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது வரும். குழாய் போடும் அளவுக்குப் போவது நூறில் ஐந்தாறு பேர். பீடி, சிகரெட்டால் எம்ஃபிசீமா ஆன (காற்றறைகள் சிதைந்த) நுரையீரல், ஆழத்தில் இருக்கும் சின்னக் கட்டி, மேலுறையைப் பலமுறை குத்த வேண்டி வந்தது: இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும்.

எக்ஸ்ரேயை நிற்கவைத்தோ உட்காரவைத்தோ எடுத்தார்களா என்று கேளுங்கள். நிமிர்ந்திருந்தால் காற்று உச்சிக்கு ஏறும்; காறை எலும்புக்கு அருகே மெல்லிய வெள்ளைக் கோடு, அதைத் தாண்டி ரத்தக்குழாய் நிழலே இல்லாத கறுப்பு என்று தெரியும். படுத்தபடி எடுத்தால் காற்று முன்பக்கம் கீழே ஒதுங்கிக்கொள்ளும். விலா ஓரத்துப் பள்ளம் வழக்கத்தைவிட ஆழமாகக் கறுத்திருப்பதே தடயம், எளிதில் தவறும். தோல் மடிப்பும் ஏமாற்றும். அதில் தனிக் கோடு இருக்காது, வெளிறிய பட்டை ஒன்று சட்டென்று முடிவதுபோல ஓரம் மட்டும் இருக்கும். அந்த ஓரத்துக்கு அப்பாலும் ரத்தக்குழாய் நிழல் தொடரும்.

இனி ஓசூர் விஷயம். 'சிறிய' என்ற சொல்லைவிட, அது வளர்கிறதா என்பதே முக்கியம். 2 எக்ஸ்ரேயை ஒப்பிடாமல் கிளம்பாதீர்கள். இரண்டாவதில் கோடு நகராமல், மூச்சு முட்டாமல், விரல் கிளிப்பில் ஆக்ஸிஜன் பழைய அளவிலேயே இருந்தால் பெரும்பாலும் தானே வற்றிவிடும். ஆனாலும் அன்றிரவு பெங்களூரிலேயே தங்குவதுதான் என் கட்சி: அத்திப்பள்ளி தாண்டி மூச்சு முட்டினால் திரும்பி வரும் வழியில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் இருக்கிறது. தங்கும் இடம் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கமாகவே இருக்கட்டும். விமானப் பயணம் என்றால், காற்று முழுதும் போனதை எக்ஸ்ரே காட்டிய பிறகு 7 நாள் பொறுக்கச் சொல்வது வழக்கம். குத்திய பக்கம் கீழே வரும்படி படுக்கச் சொல்லியிருப்பார்கள். முதுகில் குத்தியிருந்தால் மல்லாக்க. எச்சிலில் கொஞ்சம் ரத்தம் வந்தாலும் வலது பக்கம் ஒருக்களித்தே படுக்கட்டும், ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்காது. காற்று வளர்ந்தால் சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள், அல்லது நுனி சுருண்ட மெல்லிய பிக்டெயில் குழாய் போடுவார்கள்.

சித்தப்பா கதை வேறு; கல்லீரலில் பயம் ரத்தக் கசிவுக்குத்தான். பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும், அதனால்தான் படுக்கவைத்து நாடியும் பி.பி.யும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வலது தோள்பட்டை கொஞ்சம் வலிப்பது சகஜம். வலி ஏறிக்கொண்டே போய், நாடி வேகமெடுத்து, பி.பி. இறங்கினால் உடனே ஸ்கேன் வேண்டும். இங்கே அல்ட்ராசவுண்டை முழுசாக நம்பக்கூடாது: கல்லீரலுக்குள் புதிதாகக் கட்டிய ரத்தம் கல்லீரலின் நிறத்திலேயே கலந்து நிற்கும். ஹீமோகுளோபினும் முதல் மணி நேரத்தில் இறங்காமல் ஏமாற்றும்.

சந்தேகம் வலுத்தால் கான்ட்ராஸ்ட் சி.டி. (ரத்தக்குழாயை வெளுத்துக் காட்டும் மருந்து ஏற்றி எடுப்பது). மருந்து ஏற்றுமுன் ஒரு சுற்று எடுப்பது வீணில்லை. உறைந்த ரத்தம் 45 முதல் 70 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியின் அளவு) வரை வெளுத்திருக்கும், அதிகம் வெளுத்த ரத்தக்கட்டி கசிவின் வாயிலை ஒட்டியே கிடக்கும். தமனிக் கட்டத்தில் (மருந்து தமனியில் ஓடும்போது எடுத்த படத்தில்) ஒரு வெள்ளைப் பொட்டு, அடுத்த கட்டத்தில் அது பரவிப் பெரிதானால் ரத்தம் இப்போதும் ஓடுகிறது. பொட்டு வடிவம் மாறாமல், மகாதமனி மங்கும்போது தானும் மங்கினால் போலி அனியூரிசம் (காயம்பட்ட தமனியை ஒட்டிய ரத்தப் பை). டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் அல்ட்ராசவுண்ட்) அதற்குள் சிவப்பும் நீலமும் பாதிக்குப் பாதி சுழலும். இது நாள் கழித்தும் வெடிக்கும். வயிற்று வலி, மஞ்சள் காமாலை, கறுத்த மலம் மூன்றும் சேர்ந்தால் ரத்தம் பித்தநாளத்துக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். போலி அனியூரிசம், பித்தநாளத்துக்குள் போகும் கசிவு இரண்டையுமே பொதுவாக தொடை அல்லது மணிக்கட்டு வழியே குழாய் விட்டு, காயில் (மெல்லிய கம்பிச்சுருள்) வைத்து அடைப்பார்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது: ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் சோதனை), பிளேட்லெட் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். பிளேட்லெட் 50,000க்குக் கீழே என்றால் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். குளோபிடோக்ரெல் (ரத்தம் கட்டாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறார் என்றால் இன்றே சொல்லுங்கள், வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களே நிறுத்த வேண்டாம்.

அப்பாவை டிஸ்சார்ஜ் செய்யும்போது ரிப்போர்ட் தாளோடு விடாமல் எக்ஸ்ரே, சி.டி. படங்களையும் கம்ப்யூட்டர் தட்டில் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓசூரில் நாளை மறுபடி எக்ஸ்ரே எடுத்தால் ஒப்பிட அந்தப் படம்தான் வேண்டும்.