ஒரு செமஸ்டருக்கு ஜெர்மனி: அறை, சிம், குக்கர்

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் மாணவியாக அக்டோபரில் லைப்ஸிக் போகிறேன், ஒரு செமஸ்டர்தான். இணையத்தில் மலிவான அறை ஒன்று கிடைத்திருக்கிறது. வீட்டுக்காரர் லண்டனில் இருக்கிறாராம். இரண்டு மாத அட்வான்ஸை அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகச் சொல்கிறார். தன் பாஸ்போர்ட் நகலையும் அனுப்பியிருக்கிறார். பணம் போடலாமா? (மாணவி, கோவை)

பதில்: போடாதீர்கள். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர், கூரியரில் வரும் சாவி, நம்ப முடியாத வாடகை எல்லாம் சேர்ந்து வந்தால் அது வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைக்கும் மோசடிதான். அந்தப் பாஸ்போர்ட் நகல் முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அதனால் உங்களுடையதையும் அவருக்கு அனுப்ப வேண்டாம்.

ஜெர்மன் சட்டப்படி அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக்கூடாது. அதையும் மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் கட்டலாம். முதல் தவணை குடித்தனம் தொடங்கும்போதுதான். அடிப்படை வாடகை என்றால் ஹீட்டிங், தண்ணீர் போன்ற செலவுகள் சேராதது. விளம்பரத்தில் 'கால்ட்' என்று இருந்தால் இது, 'வார்ம்' என்று இருந்தால் அந்தச் செலவுகளும் சேர்ந்தது. ஒப்பிடும்போது 'வார்ம்' தொகையைப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம் வந்த அன்றே ஸ்டூடன்டன்வெர்க் (மாணவர் நல அமைப்பு) விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் 'ஸ்விஷன்மீட்ட' அறை தேடுங்கள். அங்கே படிக்கும் மாணவர்கள் ஒரு செமஸ்டர் வேறு ஊருக்குப் போகும்போது கட்டில், மேசையோடு தங்கள் அறையை உள்வாடகைக்கு விடுவார்கள். உங்களைப் போல ஐந்தாறு மாதம் மட்டும் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்பேன். ஆனால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'அன்மெல்டுங்', அதாவது நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். குடியேறி இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். அதற்கு வீடு கொடுப்பவர் கையெழுத்திட்ட படிவம் அவசியம். "அதெல்லாம் தர முடியாது, வாடகையில் 50 யூரோ குறைத்துக்கொள்" என்பார்கள் சிலர். பதிவு இல்லாவிட்டால் விசா நீட்டிப்பு போன்ற வேலைகளில் சிக்கல் வரும். 50 யூரோவுக்காக அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கடையில் இரண்டு வருட மொபைல் ஒப்பந்தம் போட்டால் மாதக் கட்டணம் மிகக் குறைவு என்கிறார்கள். எடுக்கலாமா? (மாணவர், மதுரை)

பதில்: நீங்கள் எத்தனை மாதம் இருக்கப் போகிறீர்கள்? விலையைப் பார்க்கும் முன் காலத்தைப் பாருங்கள். முதல் ஒப்பந்தத்தை 24 மாதம் வரை போட அங்கே சட்டம் அனுமதிக்கிறது. அதன்பிறகுதான் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம். நீங்கள் அதற்கு முன்பே ஊர் திரும்பியிருப்பீர்கள். ஆன்லைனில் போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம், கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதற்கு அந்த உரிமை சட்டப்படி கிடையாது. ஆல்டி, லிடில் மாதிரி சூப்பர் மார்க்கெட்டுகளிலேயே ப்ரீபெய்ட் சிம் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதி செய்தால் போதும். ஜிம் உறுப்பினர் படிவத்தையும் இதே கண்ணோடு படியுங்கள்.

கேள்வி: மூன்று பேர் ஒரே ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஆளுக்கொரு கடிதம் வந்து மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்கிறது. எங்களிடம் டிவியே இல்லை. (மாணவர், ஆகென்)

பதில்: டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் கட்டணம் வீட்டுக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒருவர் பெயரில் கட்டி மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுக் கடிதத்துக்குப் பதில் அனுப்பினால் போதும். பதிலே போடாமல் குப்பையில் போட்டால் அபராதத்தோடு திரும்பி வரும். யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர் ஊர் திரும்பும்போது மறக்காமல் அதை முடிக்க வேண்டும்.

கேள்வி: மகனோடு குக்கர், நெய், கறிவேப்பிலை எல்லாம் கொடுத்தனுப்பலாமா? (தாய், திருநெல்வேலி)

பதில்: குக்கர் தாராளமாக. அலுமினியம் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, அடி தட்டையான இண்டக்‌ஷன் ஸ்டீல் குக்கராக வாங்குங்கள். நெய், பால்கோவா கூடாது. இறைச்சி, பால் பொருட்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் பருப்புப்பொடி, சாம்பார் பொடி, மிளகாய்த்தூளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று முனை ப்ளக் அங்கே பொருந்தாது, ஒரு அடாப்டரும் வைத்து அனுப்புங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை வந்திறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டிருந்தால் முதல் நாள் சாப்பாட்டையும் பையிலேயே வையுங்கள்.