சவாரி ஏற்றிவிட்டால்... – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டாக்ஸிக்காரர் படங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களே நிறைய எழுதியிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: பதினெட்டு வருஷமாக ஸ்டாண்டில் வண்டி போடுகிறேன். சினிமாவில் அடிதடி ஹீரோ ஏன் இத்தனை தடவை டாக்ஸிக்காரனாகவும் ஆட்டோக்காரனாகவும் வருகிறான்? எங்கள் ஸ்டாண்டில் யாரும் சண்டைக்குப் போவதில்லையே! – வாடகைக் கார் ஓட்டுநர், கிருஷ்ணகிரி

அண்ணே, உங்கள் வேலைக்குள்ளேயே கதை உட்கார்ந்திருக்கிறது, அதுதான் காரணம். பின் சீட்டில் யார் ஏறப்போகிறார் என்பது உங்கள் கையில் இல்லை. பிரசவத்துக்குப் போகிறவரும் ஏறுவார், கொலை செய்துவிட்டு வருகிறவனும் ஏறுவான், இரண்டு பேரிடமும் நீங்கள் கேட்பது "எங்கே போகணும்?" என்கிற ஒரே கேள்விதான். மைக்கேல் மானின் 'கொலாட்டரல்' (2004) இதை மட்டும் வைத்து எடுத்த படம். லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்ஸிக்காரர் ஒருவரை ராத்திரி முழுக்க 600 டாலருக்குப் பேசி அமர்த்திக்கொள்கிறான் வாடகைக் கொலைகாரன். அதில் டாக்ஸிக்காரராக வருகிற ஜேமி ஃபாக்ஸ் ஷிஃப்ட் தொடங்கும்போது வண்டிக்குள் துடைப்பதைப் பாருங்கள், வெயில் மறைப்புத் தட்டியில் ஒரு தீவின் படத்தைச் செருகி வைத்திருப்பதையும் பாருங்கள். சாமி படம் வைக்கிற இடத்தில் அவர் தன் கனவை வைத்திருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. காக்கிச் சட்டை போட்டவரின் முகத்தை ஏறுகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. 'பாட்ஷா' (1995) அங்கேதான் ஜெயித்தது. பம்பாயையே ஆட்டிவைத்த ஒருவன் ஒளிந்துகொள்ள மலையோ காடோ தேவைப்படவில்லை, ஒரு ஆட்டோ போதுமாக இருந்தது. ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நகர்த்தும்போது இன்றைக்கும் எத்தனை ஸ்டாண்டில் அந்தப் படத்துப் பாட்டு ஒலிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: இந்த வகையில் ஒரே ஒரு படம் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? – கல்லூரி மாணவி, ஓசூர்

யோசிக்கவே வேண்டாம், கொரியப் படம் 'எ டாக்ஸி டிரைவர்' (2017). இயக்கம் ஜாங் ஹூன், ஓட்டுநராக சாங் காங்-ஹோ. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்ட நாட்களில், ஒரு ஜெர்மன் பத்திரிகையாளரை அங்கே கொண்டுபோய் விடுகிற சியோல் டாக்ஸிக்காரரின் கதை. அவர் ஒன்றும் தியாகி இல்லை. வீட்டு வாடகை பாக்கி நிற்கிறது, வேறொரு டிரைவருக்குப் போகவேண்டிய நல்ல சவாரியைக் காதில் வாங்கி முந்திக்கொண்டு போகிறவர்தான். அங்கே நடப்பதைப் பார்த்து பயந்து, மகள் தனியாக இருக்கிறாள் என்று பாதியில் கிளம்பியும் விடுகிறார்.

வழியில் வேறொரு ஊரில் சாப்பிடுகிறார், மகளுக்குப் புது ஷூ வாங்குகிறார், வண்டியை எடுக்கிறார், பாட்டுக்கூட முணுமுணுக்கிறார், பாடப்பாடத் தொண்டை அடைக்கிறது. அப்புறம் மகளுக்கு போன் போட்டு, கஸ்டமரை விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்கிற மாதிரி சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புகிறார். கடைசியில் வருகிற துரத்தலில் பச்சை டாக்ஸிகள் எவ்வளவு பறந்தாலும் என் மனசில் நிற்பது அந்த யூ-டர்ன்தான். சவாரி ஏற்றிவிட்டால் இறக்கிவிடுகிற வரைக்கும் அந்த ஆள் என் பொறுப்பு என்று நம்மூர் ஓட்டுநர்களும் சொல்வார்கள், பேட்டா தகராறு வந்தால்கூட நடுவழியில் இறக்கிவிட மாட்டார்கள். படம் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான். இத்தனைக்கும் குவாங்ஜுவில் அந்த மே மாதம் நிஜமாகவே டாக்ஸிக்காரர்கள் வரிசை வரிசையாக வண்டிகளை ஓட்டி வந்து ராணுவத்துக்கு எதிரே நின்றார்கள்.

கேள்வி: கார் துரத்தலில் நடிகர்களே ஓட்டுகிறார்களா? – பாலக்கோடு வாசகர்

பெரும்பாலும் இல்லை. 'ரோனின்' (1998) படத்தில் ஒரு வேலை செய்தார்கள். வலது பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியை எடுத்து, இடது பக்கம் ஒரு பொய் ஸ்டியரிங் வைத்து அங்கே நடிகரை உட்காரவைத்தார்கள். ஸ்டண்ட் ஓட்டுநர் வலது பக்கத்திலிருந்து நிஜ வேகத்தில் ஓட்டினார். நடிகர் முகத்தில் தெரிகிற பயத்தில் பாதி நிஜம்தான் என்று நினைக்கிறேன். சில படங்களில் காரின் கூரைமேல் கூண்டு கட்டி ஓட்டுநர் அங்கே உட்கார்ந்து ஓட்டுவார்.

கேள்வி: என் மகன் ஆக்டிங் டிரைவராகப் போகிறான். இருபத்தோரு வயது. இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பறக்கிறானாம், கூட்டாளிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. – ஒரு தாய், நல்லம்பள்ளி

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் அந்தக் கணவாய் முழுக்க இறக்கம். நியூட்ரலில் விட்டால் என்ஜினின் பிடிப்பு போய்விடும், வண்டியின் மொத்தக் கனமும் பிரேக்கின்மேல் விழும். மிதிக்க மிதிக்க சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அங்கே லாரிகள் முன்னால் போகிற வண்டிகள்மேல் ஏறியதற்கெல்லாம் பல தடவை காரணம் இதுதான். டீசல் மிச்சம் என்பதும் தப்புக் கணக்கு. இப்போதைய வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் டீசல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் என்ஜின் ஓட டீசல் குடிக்கும்.

ஒருமுறை அந்த வழியில் வாடகைக் காரில் போனேன். கணவாய் தொடங்கும் முன்னாலேயே ஓட்டுநர் மூன்றாவது கியருக்கு வந்தார், என்ஜின் உறுமியது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறுற கியர்லதாங்க எறங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

படத்தைத் தடுக்காதீர்கள், வேறு படம் காட்டுங்கள். 'டிரைவ்' (2011) படத்தின் முதல் பத்து நிமிடம் போதும், பின்பாதியில் ரத்தம் அதிகம். திருடர்களை ஏற்றிக்கொண்டு போகிறவன்தான், தொழில் தப்பு, ஆனால் ஓட்டுகிற விதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். மேலே ஹெலிகாப்டர் தேடும்போது விளக்கை அணைத்து ஓரமாக நிற்கிறான், காத்திருக்கிறான், வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்துகிறான். அதைப் பார்த்த பிறகு உங்கள் மகனுடன் ஒரு நாள் நீங்களே சேலம் வரைக்கும் முன் சீட்டில் போய் வாருங்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு எந்தக் கியரில் இறங்குகிறான் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.