கோலம் அறுக்கும் ரம்பம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடிக்கு அருகில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பணிபுரிகிறேன். டெல்டாப் பகுதியின் மரவேலைகளைப் பற்றித் தாங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பொழுதுபோக்காக ஒரு ஸ்க்ரோல் சா, அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் சிறு ரம்ப இயந்திரம், வாங்கினேன். தொடக்கத்தில் இணையத்தில் கிடைத்த வடிவங்களை ஒட்டி அறுத்தேன். இப்போது என் தாயார் வாசலில் போடும் சிக்குக் கோலங்களைப் பலாப் பலகையில் அறுத்துச் சுவரில் மாட்டும்படி செய்கிறேன். வேலை நேர்த்தியாக வருகிறது என்றாலும் சில கோலங்கள் உப்புத்தாள் போடும்போதே ஒடிந்துவிடுகின்றன. சென்ற ஐப்பசியில் அரக்கு பாலிஷ் போட்டவை எல்லாம் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிட்டன. இதற்கிடையே உறவினர் ஒருவர், வரும் ஐப்பசிக் கடைசியில் நடக்கும் தம் மகள் திருமணத்தில் தாம்பூலத்தோடு கொடுக்க, உள்ளங்கை அளவுக் கோல வில்லைகள் 100 வேண்டும் என்கிறார். ஒன்றுக்கு 75 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். பொழுதுபோக்காகச் செய்வதற்குக் கூலி கேட்பது சரியா என்ற தயக்கமும் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

தங்கள் வாசகன்,
மன்னார்குடி

*

அன்புள்ள நண்பருக்கு,

தாயாரின் கோலத்தை மரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஸ்க்ரோல் சாவுக்கென்று கிடைக்கும் வடிவங்களில் பெரும்பாலானவை கழுகும் ஓநாயும் பனிக்காட்டு மரங்களுமாகவே இருக்கின்றன. கை பழகுவதற்கு அவை நல்லவைதான். ஆனால் அவற்றில் பல, சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வரைந்தவர்களால் வெளியிடப்பட்டவை. அவற்றை அறுத்து விற்பது வரைந்தவரின் உழைப்பை எடுத்துக்கொள்வதாகும். வாசல் கோலத்துக்கு அந்தத் தடை இல்லை.

தங்கள் கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்று என்றே கருதுகிறேன். ரம்பம் ஓடுகிற நேரத்தை மட்டும் தாங்கள் வேலை என்று எண்ணுகிறீர்கள். மரம் உலர்வதற்கும், வடிவத்தை மரத்தின் ஓட்டத்தோடு பொருத்துவதற்கும், அறுத்த பின் நூற்றுக்கணக்கான உள்விளிம்புகளைத் தேய்ப்பதற்கும், பூச்சு இறுகுவதற்கும் ஆகும் நேரம் தங்கள் கணக்கில் இல்லை. ஒடிவதும் வெளுப்பதும் அந்த நேரத்தைக் கொடுக்காததால்; விலை குறைவதும் அதைக் கேட்காததால்.

முதலில் ஒடிவதை எடுத்துக்கொள்வோம். சிக்குக் கோலத்தில் கோட்டை மரமாக நிறுத்தி மற்றதை அறுத்து எடுத்தால், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் இணைப்பாக அமைவதால் வடிவம் தானாகவே ஒன்றாக நிற்கும். புள்ளிகள் மட்டும் உதிர்ந்துவிடும். அவை வேண்டுமென்றால் பின்னால் ஒரு மெல்லிய பலகை கொடுத்து அதில் தனியே ஒட்ட வேண்டும். இதுவரை தாங்கள் அறிந்ததே. கவனிக்க வேண்டியது கோடு ஓடும் திசை. மரத்தின் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போனால், அந்த இடத்தில் நார்கள் கோட்டின் அகல அளவுக்கே நறுக்கப்பட்டு நிற்கும். அங்கே விரல் பட்டாலே ஒடியும். நேர்ப்புள்ளி வைத்துப் போடும் சிக்குக் கோலத்தில் கோடுகள் பெரும்பாலும் புள்ளி வரிசைக்குச் சாய்வாக, 45 பாகையில் ஓடுகின்றன. ஆகவே புள்ளி வரிசை மரத்தின் ஓட்டத்துக்கு இணையாக இருக்கும்படி வடிவத்தை ஒட்டினால் எந்தக் கோடும் முழுக்கக் குறுக்காகப் போகாது. வலு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அதே கோலத்தைச் சாய்சதுரமாகத் திருப்பி ஒட்டினால் பாதிக் கோடுகள் நாரோடு ஓடி உறுதியாக நிற்கும், மறுபாதி குறுக்கே ஓடி ஒடியும். தங்களுக்கு ஒடிந்த கோலங்களை எடுத்துப் பாருங்கள். ஒடிவுகள் எல்லாம் ஒரே திசையில் இருந்தால் காரணம் இதுதான்.

கோட்டின் அகலம் பலகையின் கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். உட்துளைகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக அறுத்து, வெளிவிளிம்பைக் கடைசியில் எடுங்கள். அதுவரை சுற்றியுள்ள மரமே கோலத்தைத் தாங்கும். 6 மில்லிமீட்டர் பலகைக்கு 2 அல்லது 3-ஆம் எண் பிளேடும், 12 மில்லிமீட்டருக்கு 5-ஆம் எண்ணும், அதற்கு மேல் 7 அல்லது 9-உம் போதும். கீழ்முனையில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பியுள்ள பிளேடுகளை வாங்கினால் அடிப்பக்கத்தில் சிராய் எழும்புவது குறையும். உப்புத்தாள் வேலை பாதியாகும். தேக்கில் உள்ள சிலிக்கா பிளேடை விரைவில் மழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மழுங்கிய பிளேடை அழுத்தி ஓட்டுபவர் மரத்தைக் கருக்குகிறார், கோட்டையும் தவறவிடுகிறார்.

இனி மரம். நம் பகுதியில் நல்ல மரத்துக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் சாய்த்த மரங்களில் பலாவும் மாவும் தேக்கும் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி விறகாகப் போனது என்பதை நினைக்க இப்போதும் மனம் வலிக்கிறது. யாரேனும் அன்று அறுத்து நிழலில் அடுக்கி வைத்திருந்தால் அந்தப் பலகை இன்று பொன்னுக்குச் சமம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவதற்கு மரபாகச் சொல்லப்படும் கணக்கு. டெல்டாவின் ஈரக்காற்றில் அதற்கும் மேலாகவே ஆகும். ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள், இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும் இருந்து ஆச்சா மரத்தைத் தேடி எடுக்கிறார்கள். பல தலைமுறை மழையையும் வெயிலையும் கண்டு அடங்கிய மரம் இனித் திருகாது என்பதே காரணம். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாமும் அந்த வழியைப் பின்பற்றலாம். பழைய கதவு, ஜன்னல் பலகைகளை வாங்கி, காந்தம் வைத்து உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிகளைக் கண்டு எடுத்துவிட்டு இழைத்தால், மரவாடியில் கிடைக்காத தரம் கையில் இருக்கும். பலா அறுத்தவுடன் மஞ்சளாக இருந்து, நாள்பட வெளிச்சம் பட்டுப் பழுப்பேறும். தஞ்சாவூர் வீணையில் தாங்கள் காணும் நிறம் அதுதான். வாங்குபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அரக்கு பாலிஷ் வெளுத்ததற்கு வருகிறேன். அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்த நிலையில் பூசப்படுகிறது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, இறுகிக்கொண்டிருக்கும் அரக்குக்குள் சிக்கிக்கொள்கிறது. வெண்மையாகத் தெரிவது அந்த ஈரம்தான். மரத்தின்மீதோ கையின்மீதோ குற்றமில்லை. ஐப்பசி அடைமழையில் அரக்கு பூசவே கூடாது. வெளுத்தவற்றை எறிந்துவிட வேண்டாம். வெயில் காயும் ஒரு நண்பகலில், சுத்தமான பஞ்சுத் துணியில் ஸ்பிரிட்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, மேலோட்டமாக ஒரே வீச்சில் தடவிச் செல்லுங்கள். அரக்கு மீண்டும் இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிட்டுத் தெளிவாக இறுகும். அரக்குக் கரைசலைக் குறைவாகவே கலந்து அவ்வப்போது தீர்த்துவிடுவது நல்லது. மாதக்கணக்கில் பாட்டிலில் கிடந்தது பூசினால் இறுகாமல் பிசுபிசுக்கும். சூடான தம்ளர் வைக்கும் பொருளுக்கு அரக்கு எந்தக் காலத்திலும் ஏற்றதன்று.

கோலம் போன்ற துளை வேலைக்கு நான் பரிந்துரைப்பது வேறு முறை. அத்தனை உள்விளிம்புக்கும் தூரிகை போகாது. போனாலும் மூலைகளில் பூச்சு தேங்கும். 120, 180, 220 எண் உப்புத்தாள்களை அதே வரிசையில் போட்டு, தூசியை ஊதித் தள்ளிவிட்டு, மர வேலைக்கென்று விற்கும் பாய்ல்டு ஆளிவிதை எண்ணெயில் சம அளவு டர்பன்டைன் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றிப் பொருளை முழுவதுமாக நனைத்து எடுங்கள். வடியவிட்டுத் துடைத்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட வேண்டும். ஆவணியில் சில நாளில் உலர்வது கார்த்திகையில் வாரக்கணக்கில் இழுக்கும். தேங்காய் எண்ணெயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது உலரும் எண்ணெய் அன்று. முதல் நாள் பளபளக்கும், பிறகு தூசியைப் பிடித்துக் காறல் நாற்றம் அடிக்கும். ஓர் எச்சரிக்கையையும் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு வினைபுரியும் வெப்பத்தில் அது தானாகவே தீப்பிடிக்கும். அந்தத் துணிகளை வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

தாங்கள் கேட்காத ஒன்று: மரத்தூள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறது. ஸ்க்ரோல் சாவின் தூள் மிக நுண்ணியது. துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. என்-95 முகக்கவசம் அணியுங்கள். இயந்திரம் வீட்டுக்குள் இருந்தால் திண்ணைக்கோ கொல்லைக்கொட்டகைக்கோ மாற்றுங்கள்.

இப்போது விலை. பொழுதுபோக்காகச் செய்வதற்குக் கூலி கேட்கலாமா என்ற தயக்கத்தைப் பண்பு என்று பலர் பாராட்டக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. தங்களுக்கு மாதச் சம்பளம் வருகிறது. அதனால் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிகிறது. அதே தெருவில் இந்த வேலையை நம்பியே வாழும் ஆசாரி ஒருவரிடம் நாளை வாடிக்கையாளர் வந்து, 'அவர் 75 ரூபாய்க்குக் கொடுத்தாரே' என்பார். தங்கள் தாராளத்துக்கான விலையை அவர் கொடுக்க நேரும். ஆகவே விற்பது என்று முடிவெடுத்தால், தங்கள் ஊர் ஆசாரியின் நாள் கூலியை எட்டால் வகுத்து, அதையே தங்கள் மணிக்கூலியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறையக் கூடாது. விற்கும்போது 'மரச்சிற்பம்' என்று எழுதவும் வேண்டாம். அரும்பாவூரிலும் தம்மம்பட்டியிலும் உளி பிடித்துச் செதுக்குபவர்களின் வேலை வேறு. நம்முடையது ரம்ப வேலை, அப்படியே சொல்வோம்.

லேசர் கடைகளோடு போட்டியிடவும் முயல வேண்டாம். மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த மெல்லிய எம்.டி.எஃப். தகட்டில் நூறு கோலத்தை அவர்கள் ஒரே நாளில், தங்களால் எட்ட முடியாத விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த விளிம்பு கருகியிருக்கும். 20 மில்லிமீட்டர் பலாப் பலகை என்றால் அவர்களில் பெரும்பாலோர் தயங்குவார்கள். கனமான மரமும் கருகாத விளிம்பும் தங்கள் பலம். இன்னொன்றையும் பழகிப் பாருங்கள். இயந்திரத்தின் மேசையைச் சற்றே, 6 மில்லிமீட்டர்ப் பலகைக்கு ஏறத்தாழ 3 முதல் 4 பாகை சாய்த்து, பலாவையும் தேக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து அறுத்தால், ஒன்றின் துண்டு மற்றொன்றின் துளையில் இடைவெளியின்றி இறுகிப் பொருந்தும். பிளேடின் கனத்தைப் பொறுத்துச் சாய்வு மாறும் என்பதால் துண்டுப் பலகையில் முதலில் சோதிக்க வேண்டும். பொன்மஞ்சள் பலாவுக்குள் தேக்குப் பழுப்பில் ஒரு கோலம் பதிந்திருப்பதைக் கண்டவர் விலையைப் பற்றி வாதிடமாட்டார்.

தங்கள் உறவினரின் வில்லைகளுக்கு வருவோம். 100 வில்லைகளுக்குத் திடமரம் வேண்டாம்; 4 மில்லிமீட்டர் தேக்குப் பிளைவுட் எடுங்கள். அடுக்குகள் மாறிமாறி ஒட்டப்பட்டிருப்பதால் எத்திசையிலும் எளிதில் ஒடியாது, மழையில் திருகுவதும் குறைவு. பிளைவுட் என்பதை அவரிடம் மறைக்க வேண்டாம். மூன்று தகடுகளை ஓரத்தில் டேப் சுற்றிச் சேர்த்து ஒன்றாக அறுத்தால் 34 அடுக்குகள். துளையிட்டு, ஒவ்வொரு துளைக்கும் பிளேடைக் கழற்றிக் கோத்து அறுக்க, அடுக்குக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 34 மணி. தேய்க்க, நனைக்க, துடைக்க, நூல் கோக்க, வில்லைக்குக் கால் மணி நேரம் என்றால் 25 மணி. மொத்தம் ஏறக்குறைய 60 மணி நேரம். ஆசாரி கூலி நாளுக்கு 1,200 ரூபாய் என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால் மணிக்கு 150 வீதம் கூலி 9,000. பிளைவுட், பிளேடு, எண்ணெய், நூல் எல்லாம் சேர்த்து 3,000 என்றால் ஒரு வில்லை 120 ரூபாய். அவர் சொல்லும் 75-க்குக் கொடுத்தால் பொருள் செலவு போகத் தங்கள் மணிக்கூலி பாதியாகிவிடும்.

காலம் இருக்கிறது. தங்கள் கடிதம் ஆடித் தொடக்கத்தில் வந்திருக்கிறது. மாலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் 40 மாலைகளில் முடியும். அறுவை வேலையை ஆவணியில் முடித்து, எண்ணெயைப் புரட்டாசி முதல் பாதிக்குள் போட்டு உலர்த்திவிடுங்கள். உறவினரிடம் மேலே உள்ள கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். விலையைவிட அந்தக் கணக்கு அவரிடம் நன்றாகப் பேசும். 120-க்கு ஒப்புக்கொண்டால் பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகு பிளைவுட் வாங்குங்கள். ஒப்பவில்லை என்றால் வருத்தமில்லாமல் லேசர் கடைக்கு அனுப்பிவையுங்கள். மணமக்களுக்கு மட்டும் பலாவில் பெரிய கோலம் ஒன்றைத் தங்கள் அன்பளிப்பாக அறுத்துக் கொடுக்கலாம்; அதற்கு விலை வேண்டாம்.