பதில்: காக்கட்டூகள் மரப்பொந்தைக் கடித்துக் குதறுகின்றன, விரட்டலாமா?

வணக்கம். சிட்னியில் உங்கள் வீட்டுப் பின்புற யூகலிப்டஸ் பொந்தை இரண்டு மஞ்சள் கொண்டை காக்கட்டூகள் (கிளி இனத்தைச் சேர்ந்த பெரிய வெள்ளைப் பறவைகள்) ஒரு வாரமாகக் கடிக்கின்றன, ஒரு சுள்ளிகூடக் கொண்டுவரவில்லை, மரம் கெட்டுவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விரட்டாதீர்கள். கூடுதான் தயாராகிறது.

இவை சுள்ளி பொறுக்குவதில்லை. பொந்தின் உட்சுவரைக் கடித்து, அந்தச் சிராய்களையே அடியில் மெத்தையாக்கி முட்டையிடும். (யூகலிப்டஸ் இலைகளைப் பரப்புவது கலா என்னும் இளஞ்சிவப்புக் காக்கட்டூ.) போன ஆகஸ்டில் நான் பார்த்த ஜோடியில் ஒன்று, வால் மட்டும் வெளியே தெரிய உள்ளே குனிந்திருக்கும். அப்படியே பின்னால் நகர்ந்து வந்து, அலகு நிறைய மக்கிய மரத்தூளை ஒரே உதறலில் கீழே கொட்டும். மற்றது மேல்கிளையில் காவல். மணிக்கணக்கில் இதேதான்! பைனாகுலரில் கண்ணைப் பாருங்கள்: செம்பழுப்பு என்றால் பெண், கிட்டத்தட்டக் கருப்பு என்றால் ஆண்.

சரி, மரத்துக்கு வருவோம். இவை புதிதாகத் துளைப்பதில்லை, இருக்கும் பொந்தைத்தான் அகலப்படுத்தும். யூகலிப்டஸில் இப்படிப் பெரிய பொந்து உருவாக நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் கிளையை வெட்டிவிடாதீர்கள். விழுமோ என்ற பயம் இருந்தால் மர நிபுணரிடம் காட்டுங்கள்.

வழக்கமாக 2 அல்லது 3 முட்டை. ஆணும் பெண்ணும் மாறிமாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். அதுவரை தள்ளி நின்றே பாருங்கள். கொண்டையை விரித்து உங்களையே பார்த்தால் இன்னும் பின்வாங்குங்கள். அப்புறம், பொந்துக்குள் கேமராவை நீட்டவே வேண்டாம்.