மகன் எடுக்கும் பொம்மைப் படம் வீண் வேலையா?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் களிமண்ணில் பொம்மை செய்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, செல்போனில் ஒவ்வொரு படமாக எடுத்து ஓட விடுகிறான். தறி நெய்யும் அவன் அப்பா, இது விளையாட்டுதான், உலகம் தெரிய உதவாது என்கிறார். நான் அவருக்கு என்ன சொல்வது? - ஒரு வாசகி, குடியாத்தம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உலகம் தெரிய உதவாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்திலும், கண் காத்திருக்க முடியாத நிதானத்திலும் நடப்பவை உலகில் ஏராளம். 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் வரிசையாக வைத்த காமிராக்களால் ஓடும் குதிரையைப் படம் பிடித்த பிறகுதான், அதன் நான்கு கால்களும் ஒருசேர மேலெழும் கணத்தில் அவை, ஓவியர்கள் வரைந்துவந்ததுபோல் நீண்டிராமல், வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்பது தெளிவாயிற்று.

நம் நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. தாதாசாகேப் பால்கே 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' திரைப்படத்தை வெளியிடுவதற்கு முன், ஒரு பட்டாணி முளைத்துச் செடியாவதை நாளுக்கு ஒரு படமாக எடுத்துச் சேர்த்து, பல நாள் வளர்ச்சியைச் சில நொடிகளில் ஓட விட்டார். அந்தச் சிறு படத்தைப் பார்த்த பின்னரே அவருக்கு முதல் போட ஒருவர் முன்வந்தார் என்பதை உங்கள் கணவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

காணாததைக் காட்டுவது ஒருபுறமிருக்க, கண்டு பழகியதை வேறு கண்ணால் பார்க்க வைப்பதையே நான் இன்னும் பெரிதாக மதிக்கிறேன். கனடாவில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன் 1952-இல் எடுத்த 'நெய்பர்ஸ்' என்ற குறும்படத்தில், எல்லையில் பூத்த ஒரு பூவுக்காக இரு அண்டைவீட்டார் மோதிக்கொண்டு மடிகிறார்கள். உயிருள்ள நடிகர்களையே பொம்மைகளைப் போல அசைவுக்கு அசைவு நிறுத்தி அவர் படமெடுத்தார். வரப்புத் தகராறுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆயினும், கால் எடுத்து வைக்காமலே தரையில் வழுக்கிச் செல்லும் அந்த மனிதர்களைப் பார்த்தபின், சண்டைக்கு நிற்பவன் தன் வசத்தில் இல்லை என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஊடுநூலாக ஓட்டி லுங்கியை வளர்க்கும் நெசவாளருக்கு இந்தப் பொறுமையை விளக்க வேண்டியதில்லை. மகன் வேலை செய்யும்போது ஒரு மணி நேரம் அவரை அருகில் உட்காரச் சொல்லுங்கள்.

மகனுக்கும் ஒரு யோசனை. பொம்மைகளோடு நிற்காமல், உங்கள் ஊர் வழியே ஓடும் கவுண்டன்யா ஆற்றை, பாதுகாப்பான ஓரிடத்தில் நின்று, தினமும் ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வரட்டும். ஓராண்டின் 365 படங்கள் ஓடுவதற்குப் பதினைந்து நொடிகளே ஆகும். வெறும் மணலாகக் கிடப்பதும், மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் வெள்ளம் வருவதும், கரையோரம் குப்பை ஏறுவதும் அன்றாடம் கடந்து போகிறவர்களுக்குத் தனித்தனிச் சேதிகளாகவே தெரிகின்றன. அந்தப் பதினைந்து நொடிகளில் அவை ஒரே ஆற்றின் வரலாறாகத் தெரியும்.

சென்னை தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. அதற்குப் பிளஸ் டூ தேர்ச்சி வேண்டும் என்பதால், பாடங்களை விட்டுவிடாமல் இந்த வேலையையும் தொடரட்டும்.